புனித கின்வரின் கபாலக் கிண்ணம்

அத்தியாயம் 6

"மூன்று பூட்டு, மூன்று சாவி, மூன்று பொறுப்பாளர்கள். ஆனால் திருடன் ஒருவன்தான்" என்றார் மிஸ்டர் பௌவல், பெட்டியின் மூடியைத் தட்டிக்கொண்டே.

"கணக்கு இடிக்குதே சார்" என்று நான் தமிழில் முணுமுணுத்தேன்.

கதிர்காமநாதன் சார் காதில் விழாத மாதிரி நின்றார். அப்படி நிற்பதில் அவருக்கு நல்ல பழக்கம். கொழும்புத் துறைமுகச் சுங்கத்தில் இருபத்தாறு வருஷம் அடுத்தவன் பெட்டியைக் கிளறி மோந்து பார்த்த மனிதர். ஓய்வு பெற்றதும் மெல்பேர்னுக்கு வந்து, டண்டினொங்கில் ஒரு மீன்கடை மாடியில் துப்பறியும் நிலையம் போட்டார். நான் அவருடைய உதவியாளர் வைதேகி, மயிலாப்பூர்க்காரி. டைப் அடிப்பேன், கார் ஓட்டுவேன், வாயை மட்டும் மூடத் தெரியாது.

1975 மார்ச், வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒரு மணி. டண்டினொங்குக்கு அப்பால் ஒரு குன்றின்மேல் இருந்த லான்கின்வர் தேவாலயத்துக்குள் நின்றுகொண்டிருந்தோம். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே மட்டும் அசல் வேல்ஸ் தேசத்துக் குளிர், அதையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்களோ என்னவோ!

மற்றதெல்லாம் கப்பலில் வந்ததுதான். 1853இல், தங்கம் தோண்ட வந்த வேல்ஸ்காரர்கள் சும்மா வரவில்லை. லான்கின்வர் என்கிற தங்கள் பங்குக் கோயிலின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஓக் மரத்தைக் குடைந்து செய்த இந்தக் காணிக்கைப் பெட்டியை எடுத்துக்கொண்டார்கள். புனித கின்வரின் மண்டையோட்டையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த மண்டையோட்டைத்தான் இப்போது காணோம்.

"முழு மண்டை இல்லை. உச்சிப் பாகம் மட்டும். கிண்ணம் மாதிரி இருக்கும்" என்றார் பௌவல். கோயிலின் தர்மகர்த்தா அவர். முகம் தக்காளி நிறம், மீசை பிரஷ். நாங்கள் தமிழில் பேசுவது அவருக்குப் புரியாது என்பது எனக்குப் பெரிய சௌகரியம்.

புனிதரின் சரித்திரத்தை அவர் அக்கறையாகச் சொன்னார். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் கின்வருக்குக் கோயில் கட்ட ஆரம்பித்தார்களாம். பகலில் அடுக்கிய கல்லெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக நகர்ந்து வேறிடத்துக்குப் போய்விட்டதாம். கல் போன இடத்திலேயே கோயிலைக் கட்டினார்களாம்.

"நம்ம ஊர் கான்ட்ராக்டர் கிட்ட சொன்னா உடனே நம்புவான் சார். ராத்திரில கல் நடந்து போறது அங்கே சகஜம்" என்றேன்.

"பேசாமல் இரும், பிள்ளை" என்றார் சார். உதடு மட்டும் கோணியது.

சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு மர இடுக்கி தொங்கியது. அந்தக் காலத்து இடையர்கள் நாயோடு கோயிலுக்கு வருவார்களாம். பிரசங்கத்தின் நடுவில் நாய்கள் சண்டை போட்டால், தர்மகர்த்தா அந்த இடுக்கியை நீட்டி, கழுத்தைப் பிடித்து வெளியே போடுவாராம். எங்கள் நிலையத்துக்கு வரும் சில வாடிக்கையாளர்களை நினைத்துக்கொண்டு நான் அதை ஆசையோடு பார்த்தேன்.

"கிண்ணத்துக்கு என்ன விசேஷம்?" என்று சார் கேட்டார்.

"கின்வர் திருநாளன்று அதில் தண்ணீர் குடித்தால் கக்குவான் இருமல் போகும், நெஞ்சு நோய் போகும். ஆனால் காவலர் கையால் வாங்கிக் குடிக்க வேண்டும். பிரிச்சர்ட் குடும்பத்தின் மூத்த வாரிசுதான் காவலர். தானாக எடுத்துக் குடித்தால் அது வெறும் தண்ணீர்."

"புனிதக் கிணறு வேல்ஸிலே இருக்குமே. இங்கே?"

"குழாய்த் தண்ணீர்" என்றார் பௌவல், முகம் மாறாமல். "பலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திருநாள். பல்லரட்டிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். புதன்கிழமை மத்தியானம் காணிக்கைத் துவாரம் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். வெறும் துணிதான் தெரிந்தது."

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கள் நாட்டு ஆள் ஒருவர் இங்கே துப்புரவு வேலை செய்கிறார். அரியரத்தினம். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுகிறார். அது ஆமாவா இல்லையா என்று தெரியவில்லை. நீங்கள் அவர் பாஷையில் கேளுங்கள். ஐந்து மணிக்குள் கிண்ணம் வராவிட்டால் போலீஸுக்குப் போன் செய்வேன்."

அரியரத்தினத்தை எங்களுக்குத் தெரியும். டண்டினொங் கடைத்தெருவில் பார்த்தால் கும்பிடு போடுவார். அவருக்கு நிரந்தர வதிவிடம் கொடுப்பதா இல்லையா என்று குடிவரவு அலுவலகத்தில் இந்த மாதம் முடிவாகிறது. அதை நம்பி மனைவி விமலாதேவியும் இரண்டு பெண்களும் யாழ்ப்பாணத்தில் பெட்டி கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். திருட்டுப் புகார் என்று ஒரு காகிதம் போனால் போதும், அத்தனையும் குளோஸ்!

"பெட்டியைத் திறவுங்கள்" என்றார் சார்.

"மூன்று சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். பாதிரியார் ஒன்று, மிஸ் பிரிச்சர்ட் ஒன்று, நான் ஒன்று."

"சரி, உங்களுடையதைக் கொடுங்கள்."

பௌவல் கோட்டுப் பையில் கைவிட்டார். கால்சட்டைப் பையைத் தடவினார். தக்காளி இன்னும் கொஞ்சம் பழுத்தது.

"எண்ணெய் போடக் கொடுத்தேன்."

"யாரிடம்?"

அவர் துடைப்பம், வாளி வைக்கும் அலமாரியைப் பார்த்தார். சார் போய்த் திறந்தார். ஒரே ஆணியில் மூன்று பெரிய இரும்புச் சாவிகள் தொங்கின. பாதிரியார் ஜீலாங் ஊருக்குப் போகும்போது எதற்கும் இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனாராம். மிஸ் பிரிச்சர்டுடையதும் அங்கேதான் இருந்தது. ஒருவரை ஒருவர் நம்பாமல் மூன்று பூட்டுப் போட்டவர்கள், மூன்று பேரும் தனித்தனியாக நம்பிக் கொடுத்தது ஒரே ஆளிடம்!

"பார்த்தீர்களா?" என்று பௌவல் துள்ளினார். "திறக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்!"

"உங்க வாயால நீங்களே ஆப்பு வெச்சிட்டீங்களே சார்" என்று சாரிடம் பல்லைக் கடித்தேன்.

சார் பெட்டியைத் திறந்து குனிந்தார். உள்ளே வெள்ளைத் துணி. அதன் நடுவில் வட்டமாக ஒரு எண்ணெய்க் கறை. துணியை எடுத்து மூக்கருகே பிடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"மணந்து பாரும்."

மோந்தேன். "என் தலை மாதிரி இருக்கு சார். தேங்காய் எண்ணெய்."

"இந்தக் கிண்ணத்தை யாராவது சுத்தம் செய்வதுண்டா?" என்று சார் பௌவலைக் கேட்டார்.

"சுத்தமா! நூற்றிருபது வருஷமாக யாரும் ஒரு துணிகூட அதன்மேல் போட்டதில்லை. துடைப்பதே பாவம்."

சார் மறுபடி அலமாரிக்குப் போனார். குப்பைக் கூடையில் செய்தித்தாளில் சுற்றி ஒரு பொட்டலம். பிரித்தால் உள்ளே ஒரு கண்ணாடித் துண்டு, அதன் விளிம்பில் காப்பித்தூள் மாதிரி பழுப்புப் பொடி. அதைப் பார்த்ததும் சார் முகத்தில் ஒரு வெளிச்சம். தொப்பைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"என்ன சார்?"

"நீர் மயிலாப்பூரிலை அகப்பையைக் கடையிலை வாங்கினனீரோ?"

"ஆமா. வேறெங்கே வாங்குவாங்க?"

"அதுதான் உமக்கு விளங்கேல்லை. வாரும்."

அரியரத்தினம் கல்லறைத் தோட்டத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயது, ஒல்லி, நெற்றியில் வியர்வையில் கரைந்த திருநீறு. எங்களைக் கண்டதும் துடைப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஐயா, நான்தான் எடுத்தனான். ஏன் எண்டு மட்டும் கேக்காதேங்கோ" என்றார், நாங்கள் வாயைத் திறப்பதற்குள்.

"அடக் கடவுளே!" என்றேன். இப்படி ஒரு கட்சிக்காரர் கிடைத்தால் வக்கீல்களெல்லாம் பட்டினிதான்.

"தம்பி," என்றார் சார் நிதானமாக, "நீர் மண்டையோட்டை எடுக்கேல்லை. சிரட்டையைத்தான் எடுத்தனீர்."

துடைப்பம் கீழே விழுந்தது.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. சிரட்டை என்றால் யாழ்ப்பாணத்தில்... "கொட்டாங்குச்சியா!" என்று கத்தியேவிட்டேன். மரத்திலிருந்த கக்கட்டுக் கிளி ஒன்று கிரீச்சிட்டுப் பறந்தது.

"மெல்ல, பிள்ளை" என்றார் சார். "எலும்பை ஒருத்தரும் போத்தில் கண்ணாடியாலை சுரண்டமாட்டினம். சிரட்டையிலை அகப்பை செய்யிற யாழ்ப்பாணத்தான்தான் அப்பிடிச் சுரண்டி, பேந்து எண்ணெய் போட்டு மினுக்குவான். என்ன தம்பி?"

அரியரத்தினம் ஒரு கல்லறையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"திங்கட்கிழமை மிஸ் பிரிச்சர்ட் வந்து, பெட்டியிலை இருக்கிற கிண்ணத்திலை பூஞ்சணம் பிடிச்சிருக்கு, ஆருக்கும் தெரியாமல் துப்புரவாக்கி வை எண்டு சொன்னவ. மண்டையோடு எண்டு சொல்லேல்லை ஐயா. எடுத்துப் பார்த்தன், சிரட்டை. கரி பிடிச்ச பழைய சிரட்டை. கண்டவுடனை எனக்கு ஊர் ஞாபகம் வந்திட்டுது. மணல் போட்டுத் தேய்ச்சு, கண்ணாடியாலை சுரண்டி, எண்ணெய் பூசி, புதுசு மாதிரி ஆக்கிப்போட்டன். அடியிலை மூண்டு கண்ணும் பளிச்செண்டு தெரிஞ்சுது. நல்லா வந்திருக்கெண்டு சந்தோசமாத் திருப்பி வைச்சனான்."

"பேந்து?"

"செவ்வாய் பின்னேரம் பல்லரட்டிலையிருந்து ஒரு மனுசி வந்தவ. நெஞ்சு வருத்தக்காரப் பிள்ளையோடை. பௌவல் கதை சொன்னவர். மண்டையோடாம், புனிதராம். அந்த மனுசி பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டு அழுதவ. எனக்குக் கைகால் எல்லாம் விறைச்சுப் போச்சு. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை குனிஞ்சு குடிக்கேக்கை மூண்டு கண்ணும் தெரியுமே ஐயா! அதுதான் புதன் விடிய எடுத்து ஒளிச்சனான்."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!" எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "உங்க பொண்டாட்டி, பொண்ணுங்க கதி என்னாறது? நாடு கடத்திருவாங்க, தெரியுமா?"

"தெரியும் பிள்ளை. மூண்டு நாளா நித்திரை இல்லை." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா நூற்றி இருபது வருசமாக் கும்பிடுகினம். உது சிரட்டை எண்டு சொல்ல நான் ஆர்? எங்கடை கோயிலிலை வந்து ஒரு வெள்ளைக்காரன் அப்பிடிச் சொன்னால் நான் விடுவனே?"

அவரைக் கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது.

அவர் சாப்பாட்டுப் பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகான கொட்டாங்குச்சியை நான் பார்த்ததில்லை. அம்மாவிடம் கொடுத்தால் ரசம் ஊற்ற வைத்துக்கொள்வாள்.

"ஷூ பாலிஷ் போட்டுப் பெட்டியில வெச்சிருவோம் சார். கேஸ் முடிஞ்சுது."

"ஆர் எடுத்தது எண்டு பௌவல் கேப்பார். இவர் தலையை ஆட்டுவார். கேஸ் முடியாது" என்றார் சார். மணியைப் பார்த்தார். மூன்றரை. "எனக்கு வேறை ஒரு சந்தேகம். ஒருத்தரும் தொடாத புனிதச் சாமானை, மிஸ் பிரிச்சர்ட் ஏன் ரகசியமாக் கழுவக் குடுத்தவ?"

கோயிலை ஒட்டியிருந்த வீட்டில் மிஸ் பிரிச்சர்ட் எங்களை உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினார். அறுபது வயதிருக்கும். கல்யாணம் இல்லை, நிமிர்ந்த முதுகு, வாதத்தில் முடங்கிய விரல்கள். அந்தக் குடும்பத்தின் கடைசி ஆள் அவர். சார் கிண்ணத்தை மேஜையில் கவிழ்த்து வைத்தார். மூன்று கண்ணும் மேலே பார்த்தன.

"யாரெல்லாம் பார்த்தார்கள்?" என்று கேட்டார் மிஸ் பிரிச்சர்ட்.

சார் தேநீரை ஒரு வாய் குடித்தார். "மேடம், உங்கள் புனிதரின் மண்டையில் திடீரென்று மூன்று ஓட்டை முளைத்திருக்கிறது. இது என்ன கோலம் என்றல்லவா நீங்கள் அலறியிருக்க வேண்டும்? யார் பார்த்தார்கள் என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு முன்பே தெரியும்."

தேநீர்க் குடுவை தட்டில் இடித்தது.

"மூத்த வாரிசுக்கு மட்டும் சொல்வார்கள்" என்றார். "என் கொள்ளுத் தாத்தா கொண்டுவந்த உண்மையான மண்டையோடு, புயலில் அதை வைத்திருந்த சின்னப் பேழையோடு கடலில் போய்விட்டது. கப்பல் தண்ணீர் பிடிக்கச் சிலோனில், காலித் துறைமுகத்தில் நின்றது. கரையில் இதைப் பொறுக்கினார். மெழுகுவர்த்திப் புகையில் கறுக்கவைத்தார். முதல் திருநாளில் ஒரு குழந்தைக்கு இருமல் நின்றுவிட்டது. அதன் பிறகு எப்படிச் சொல்வது?"

"சிலோன் கொட்டாங்குச்சியைச் சிலோன்காரரிடமே கழுவக் கொடுத்தீர்களே!" என்றேன். என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"அவர் இந்தியர் என்று நினைத்தேன்" என்றார் மிஸ் பிரிச்சர்ட் பரிதாபமாக. "இந்தியாவில் தென்னை மரம் உண்டா? பாலைவனம் என்றல்லவா பள்ளிக்கூடத்தில்... ஒட்டகமெல்லாம்..."

நான் வாயைத் திறந்தேன். சார் என் காலை மிதித்தார்.

"மிஸ் பிரிச்சர்ட்" என்றார், மிக மெதுவாக. அந்தக் குரல் எனக்குத் தெரியும். சுங்கத்தில் பெரிய பெரிய வியாபாரிகளெல்லாம் அந்தக் குரலுக்குத்தான் பெட்டியைத் திறந்திருப்பார்கள். "புதன்கிழமையிலிருந்து அவர் உங்கள் கோயிலின் மானத்துக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறார். நீங்கள் கொடுத்தீர்கள் என்றுகூடப் பௌவலிடம் சொல்லவில்லை. நீங்களும் புதன்கிழமையிலிருந்து உங்கள் குடும்பத்தின் மானத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள். ஐந்து மணிக்குப் போலீஸ் வரும். அவருடைய இரண்டு பெண்கள் இனி அப்பாவைப் பார்ப்பார்களா என்பது உங்கள் கையில் இருக்கிறது."

அந்த அம்மாள் அழவில்லை. முகம் மட்டும் காகிதமாக வெளுத்தது. "வெட்கமாக இருக்கிறது" என்றார். எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார்.

ஐந்து மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. பௌவல், பாதிரியாரின் அறையில் டெலிபோனைக் கையில் எடுத்திருந்தார். வாசலில் அரியரத்தினம், பலி ஆடு மாதிரி நின்றார்.

"போனை வையுங்கள்" என்றார் மிஸ் பிரிச்சர்ட். கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார். "சுத்தம் செய்யச் சொல்லி நான்தான் கொடுத்தேன். பூஞ்சணம் பிடித்துவிட்டது. நீங்கள் குதிப்பீர்களே என்று சொல்லவில்லை. காவலர் கொடுத்து ஒருவர் வைத்திருப்பது திருட்டாகாது."

"சுத்தமா!" பௌவல் பாய்ந்து வந்தார். கிண்ணத்தைக் கண்டார். அப்படியே நின்றார். "இது... இது என்ன? மூன்று துளை?"

அரியரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். சாருக்குக்கூட உதடு காய்ந்துவிட்டது, நாக்கால் தடவிக்கொண்டார்.

மிஸ் பிரிச்சர்ட் இமைக்கவில்லை.

"அம்பு" என்றார். "சாக்சன்காரர்கள் எய்த மூன்று அம்பு. இத்தனை காலம் அழுக்கு மூடியிருந்தது."

பௌவல் தொப்பியைக் கழற்றினார். அவருடைய கண் கலங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

"மூன்று அம்பு" என்றார் தழுதழுத்து. "என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் மடியில் வைத்துக்கொண்டு சொல்வார். சரியாக, மூன்று அம்பு!"

நான் வெளியே ஓடிப்போய் ஒரு கல்லறையைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். கர்த்தர் மன்னிப்பாராக. திரும்பி வந்தபோது பௌவல், அரியரத்தினத்தின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு கடிதம் எழுத வேண்டும்" என்று மிஸ் பிரிச்சர்ட் என்னிடம் சொன்னார். "குடிவரவு அலுவலகத்துக்கு. டைப் அடிப்பீர்களா?"

பாதிரியாரின் டைப்ரைட்டரில் உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். மிஸ்டர் அரியரத்தினம் எங்கள் கோயிலின் புராதனப் பொருள்களைப் பராமரிப்பவர். எனக்கு வாரிசு இல்லை, என் கை முடங்கிவிட்டது. ஞாயிறு முதல் திருக்கிண்ணத்தை அவர் கையில் ஒப்படைக்கிறேன், என் பக்கத்தில் நின்று அவர்தான் தண்ணீர் கொடுப்பார். இந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர் விக்டோரியா மாநிலத்தில் வேறு எவரும் இல்லை. அவரும் அவருடைய குடும்பமும் இங்கே இருப்பது இந்தக் கோயிலுக்கு அவசியம்.

எத்தனையோ பேருக்குச் சிபாரிசுக் கடிதம் அடித்திருக்கிறேன். வரிக்கு வரி உண்மையாக இருந்தது இது ஒன்றுதான். பௌவல் தர்மகர்த்தா என்ற முறையில் கீழே கையெழுத்துப் போட்டார், மை தெறிக்க.

அரியரத்தினம் கடிதத்தை என்னிடம் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்து, கையால் பொத்திக்கொண்டார்.

"இதைப் பற்றி யாரிடமாவது..." என்று மிஸ் பிரிச்சர்ட் தயங்கினார்.

"நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே நான் சொல்லவில்லையே, மிஸ்" என்றார் அவர், தன்னுடைய இங்கிலீஷில்.

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

காருக்கு நடந்தோம். அரியரத்தினம் வாசல்வரை வந்தார். ஏதோ கேட்க நினைத்து மென்று விழுங்கினார்.

"என்ன தம்பி, சொல்லும்" என்றார் சார்.

"விமலாவுக்கு இண்டைக்கே எழுதவேணும் ஐயா. என்ன வேலை கிடைச்சிருக்கெண்டு எழுதுறது?"

"கோயிலிலை தீர்த்தம் குடுக்கிற வேலை எண்டு எழுதும்."

"எந்தக் கோயில் எண்டு கேப்பாள்."

"வரட்டும். வந்து பாக்கட்டும்" என்றார் சார்.

"ஓம், வரட்டும்" என்றார் அரியரத்தினம். "வரட்டும், வந்து பாக்கட்டும்" என்று மறுபடியும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கோயில் வாசற்படியிலேயே உட்கார்ந்து, மூன்று நாளாக அடக்கிவைத்திருந்த அழுகையை வாய்விட்டு அழுதார்.